பில்லர் மெழுகுவர்த்தி சரியாக எரியவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வீட்டில் வார்த்த பில்லர், அதாவது குவளை இல்லாமல் தானாக நிற்கும் தடித்த மெழுகுவர்த்தி, அச்சிலிருந்து வழுக்கி வரும்போது கண்ணைப் பறிக்கும். ஏற்றி ஒரு மணி நேரம் போன பிறகுதான் அதன் குணம் தெரியும். நடுவில் குழி விழும், அல்லது ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு வழியும், அல்லது சுடர் கடுகளவாகச் சுருங்கி அணையும். உடனே நம் கை, மெழுகைக் கெட்டியாக்கப் போடும் ஸ்டியரிக் ஆசிட் டப்பாவைத் தேடிப் போகும். இன்னும் இரண்டு கரண்டி போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். பெரும்பாலும் அதனால் கோளாறு வேறு உருவில் திரும்பி வருமே ஒழியப் போகாது.

எங்கள் பங்குக் கோயிலுக்கும் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களுக்கும் பல வருடமாக பில்லர் வார்த்துக் கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வருவது ஒரே விஷயம்தான்: மெழுகில் போடும் சேர்மானம் மாறினால் திரியும் மாறியாக வேண்டும். ஸ்டியரிக், மைக்ரோ மெழுகு (பிசுபிசுப்பான நுண்படிக மெழுகு), வைபார் (ஸ்டியரிக்குக்கு மாற்றாகப் போடும் செயற்கைச் சேர்மானம்), சாயம், வாசனை எண்ணெய் எதுவானாலும் உருகிய மெழுகு திரியில் ஏறும் வேகத்தை அது மாற்றிவிடும். போன மாதம் பொருந்திய திரி இந்த மாதக் கலவைக்குப் பொருந்தும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

## முதலில்: எரித்துப் பார்க்கும் முறை

எந்தக் கோளாறையும் தேடுவதற்கு முன், ஒழுங்காக ஒரு முறை எரித்துப் பாருங்கள். வார்த்து ஒரு நாள் முழுக்க ஆறியிருக்க வேண்டும். திரியை 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு நேராக இல்லாத இடத்தில், தட்டின் மேல் வைத்து ஏற்றுங்கள். ஓர் அங்குல விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. 3 அங்குல பில்லர் என்றால் 3 மணி நேரம் விடாமல் எரிய வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை சுடரின் உயரத்தையும், திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்தின் அகலத்தையும், சுவர் எவ்வளவு தடிமன் மிச்சமிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 3 மணி முடியும்போது சுற்றிலும் அரை சென்டிமீட்டர் சுவர் நின்று, அதற்குள் குளம் தெளிவாக இருந்தால் அது நல்ல பில்லர்.

நான் கணக்குக்கு வைத்திருக்கும் அடிப்படைக் கலவை இது: 58–60 டிகிரியில் உருகும், முழுதாகச் சுத்திகரித்த பாரஃபின் 1 கிலோ, ஸ்டியரிக் ஆசிட் 50 கிராம், மைக்ரோ மெழுகு 10 கிராம். சாயமும் வாசனையும் கிடையாது. கோளாறு வரும்போதெல்லாம் இந்த வெறும் கலவையில் ஒன்று வார்த்து, கோளாறான வர்த்திக்குப் பக்கத்தில் வைத்து எரிப்பேன். வித்தியாசம் கண்ணெதிரே வந்து நிற்கும்.

கரண்டிக் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். 1 கிலோ மெழுகுக்கு ஒரு சதவீதம் என்பது 10 கிராம். வைபார் போன்ற சரக்கில் 5 கிராம் கூடினாலே எரிவது மாறிவிடும். குவித்த கரண்டிக்கும் தட்டையான கரண்டிக்கும் நடுவில் அந்த 5 கிராம் ஒளிந்திருக்கும்.

## அறிகுறி 1: சுடர் நன்றாக இருக்கிறது, நடுவில் மட்டும் கிணறு போல் இறங்குகிறது

எவ்வளவு நேரம் எரித்தீர்கள்? பில்லரின் முதல் எரிப்புதான் அதன் ஆயுளுக்கும் வழி போடுகிறது. மின்சாரம் போன அரை மணி நேரத்துக்கு ஏற்றி, வந்ததும் அணைத்தால் எந்த பில்லரும் குழிதான் விழும். வர்த்தியின் மேல் பழி போடுவதற்கு முன் இன்னொன்றை எடுத்து முழு நேரம் எரித்துப் பாருங்கள்.

காற்று. மின்விசிறிக் காற்றில் சுடர் ஒரு பக்கமே சாய்ந்துகொண்டிருந்தால் மறுபக்கத்துச் சுவர் சூடேறாது. பில்லரைப் பாதி திருப்பி வையுங்கள். குழியின் சாய்வும் கூடவே திரும்பினால் கோளாறு வர்த்தியில் இருக்கிறது. பழைய திசையிலேயே சாய்ந்தால் காற்றுதான் காரணம்.

சேர்மானம் கூடிவிட்டது. ஸ்டியரிக் 10 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா? மைக்ரோ 3 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா? ஸ்டியரிக்கும் வைபாரும் சேர்த்தே போட்டிருக்கிறீர்களா? இந்தக் கடைசித் தவறு அடிக்கடி நடக்கிறது. மெழுகை வெளுப்பாக்கிக் கெட்டியாக்கும் வேலையில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வந்தது. பில்லருக்கான வைபார் 103 அரை முதல் ஒரு சதவீதம் போட்டால் ஸ்டியரிக்கை விட்டுவிடலாம். இரண்டையும் முழு அளவில் போட்டால் மெழுகு கெட்டிப்பட்டு, பழைய திரியின் சூடு சுவர்வரை எட்டாது.

திரி மெலிது. மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் அடுத்த தடிமனுக்குப் போங்கள், ஒரேயொரு படி மட்டும். ஒவ்வொரு திரிக்கும் ஒரு பில்லர் வார்த்து மெழுகை வீணாக்க வேண்டாம். அச்சின் நடுவில் திரிக்குப் பதிலாக எண்ணெய் தடவிய ஸ்வெட்டர் பின்னும் ஊசியை நிறுத்தி மெழுகை ஊற்றுங்கள். ஆறியதும் ஊசியை உருவினால் நேரான துளை கிடைக்கும். மெழுகேற்றிய வெவ்வேறு திரிகளை அதில் செருகி, அடியில் ஒரு சொட்டு மெழுகால் அடைத்து, வரிசையாக எரித்துப் பார்க்கலாம். எனக்கு இதைவிட மெழுகு மிச்சப்படுத்திய உத்தி வேறில்லை.

ஏற்கெனவே குழி விழுந்த வர்த்தியை மீட்க, அலுமினியத் தாளை மேல் விளிம்பில் சுற்றி, நடுவில் வாய் மட்டும் திறந்துவிட்டு ஏற்றுங்கள். சூடு உள்ளே தங்கிச் சுவர் உருகிச் சமமாகும். பக்கத்திலேயே இருங்கள், தாள் மிகவும் சூடாகும்.

## அறிகுறி 2: சுடர் சிறுத்து, திரி மெழுகில் மூழ்கி அணைகிறது

முதல் அறிகுறியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அங்கே சுடர் ஆரோக்கியமாக இருக்கும், சுவர் மட்டும் உருகாது. இங்கே சுடருக்கே தீனி போய்ச் சேரவில்லை. தடித்த திரி போட்டாலும் பல நேரம் சரியாகாது.

இதில் எனக்குக் கிடைத்த பாடத்தைச் சொல்கிறேன். ஒரு வருடம் கோயிலில் திருவருகைக்கால வளையத்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் ஒவ்வொன்றாகக் கூட்டி ஏற்றுவதற்கு, நான்கு பில்லர் கேட்டார்கள், மூன்று ஊதா, ஒன்று ரோஸ். நான்கையும் ஒரே நாளில், ஒரே உருக்கில், ஒரே திரியில் வார்த்தேன். முதல் ஞாயிறு ஏற்றிய ஊதா, பூசை முடிவதற்குள் பட்டாணி அளவு சுடராகிவிட்டது. திரியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன். இரண்டாவது ஞாயிறு இரண்டு ஊதாவும் சேர்ந்தே சிணுங்கின. உபதேசியார் பூசை நடுவில் இரண்டு தடவை வந்து ஏற்றிவிட்டுப் போனதை நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் தடித்த திரியில் மறுபடி வார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். நேரம் கிடைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு ரோஸ் வர்த்தி ஏறியது. நெல்மணி போல் நிமிர்ந்த சுடர், கடைசிவரை அசையவில்லை.

மெழுகு ஒன்று, திரி ஒன்று, வார்த்த நாளும் ஒன்று. வேறுபட்டது சாயம் மட்டும். ரோஸுக்குப் போட்டது எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம். ஊதா கிடைக்கவில்லை என்று பெயிண்ட் கடையில் வாங்கிய நிறத்தூளைப் போட்டிருந்தேன். அந்தத் தூள் மெழுகில் கரைவதில்லை, மிதந்துகொண்டிருக்கும். உருகிய மெழுகோடு சேர்ந்து திரிக்குள் ஏறி, வடிகட்டியில் தேயிலைத் தூள் அடைப்பது போல் இழைகளை அடைத்துவிடும்.

அதனால் இந்த அறிகுறிக்கு என் வரிசை இப்படி:

திரியின் உயரம். 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்டிவிட்டால் மூழ்கத்தான் செய்யும். அணைத்து, குளத்தில் கொஞ்சம் மெழுகைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அதன் பிறகு நன்றாக எரிந்தால் வேலை முடிந்தது.

சாயம். உருகிய நிற மெழுகில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விடுங்கள். கரைந்த சாயம் ஓரம் வரை ஒரே நிறமாகப் பரவும். கரையாத தூள் நடுவில் புள்ளி புள்ளியாகத் தங்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் கண்ணாடிக் குவளையில் உருகிய மெழுகை ஊற்றி, குவளையைச் சூடான தண்ணீரில் நிறுத்தி அரை மணி விட்டுவையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் அந்தச் சரக்கு உள்ளே வேண்டாம். குழந்தைகளின் கிரேயான், மைக்கா மினுமினுப்பு, உணவு நிறம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். உணவு நிறம் தண்ணீரில் கரைவது, மெழுகில் கலக்கவே கலக்காது. கண்டிப்பாகத் தூள் நிறம்தான் வேண்டும் என்றால் வெள்ளை பில்லர் வார்த்து, வெளியே மெல்லிய பூச்சாக மட்டும் முக்கி எடுங்கள்.

மெழுகேற்றாத திரி. 70–75 டிகிரி மெழுகில் திரியைப் போட்டால் காற்றுக் குமிழிகள் கிளம்பும். அவை நிற்கும்வரை விட்டு, எடுத்து நேராக இழுத்து உலர்த்துங்கள். கடற்கரை ஊர்களில் திறந்து கிடக்கும் பருத்தித் திரி ஈரம் வாங்கிவிடும். வாங்கிய அன்றே மெழுகேற்றி டப்பாவில் போட்டு மூடிவிடுவது நல்லது.

பழைய துண்டு மெழுகு. கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகளை உருக்கிச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அதில் கரித்துணுக்கு, தீக்குச்சித் தலை, தேன்மெழுகு எல்லாம் கலந்திருக்கும். மடித்த பருத்தித் துணியில் வடிகட்டாமல் பயன்படுத்தவே கூடாது. வடிகட்டினாலும் அதில் என்ன சேர்மானம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. அதனால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை.

உருகாத சேர்மானம். பளபளப்புக்கும் கெட்டிக்கும் என்று விற்கும் பாலித்தீன் வகை மணிகள் ஏறக்குறைய 100 டிகிரியில்தான் உருகும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த மெழுகு அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. உருகிவிட்டது போலத் தெரியும், ஆனால் ஜெல்லிக் கட்டிகளாக மிதந்து திரியை அடைக்கும். கரண்டியால் அள்ளி வெளிச்சத்தில் சாய்த்தால் கண்ணாடிச் சில் போல் தெரியும். இதற்காக நேரடி அடுப்பில் மெழுகைக் காய்ச்சுவதை வீட்டில் நான் விரும்பவில்லை. மணிகளை விட்டுவிட்டு மைக்ரோ மெழுகையே பயன்படுத்துகிறேன், பளபளப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் மூழ்கினால்தான் தடித்த திரிக்குப் போக வேண்டும். தேன்மெழுகு அதிகம் சேர்த்த பில்லருக்கு மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். 62–64 டிகிரியில் உருகும் பிசுபிசுப்பான மெழுகு அது. சதுரப் பின்னல் திரியும் கூடுதல் தடிமனும் அதற்கு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

## அறிகுறி 3: ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு வழிகிறது

எல்லா நேரமும் ஒரே திசையில் வழிகிறதா? திருப்பி வைக்கும் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். காற்று இல்லையென்றால் வர்த்தியைக் கவிழ்த்து, அடியில் திரி நடுவில் இருக்கிறதா என்று அளவுகோலால் பாருங்கள். மேலே நடுவிலும் கீழே 5 மில்லிமீட்டர் தள்ளியும் இருந்தால் பாதி எரிந்த பிறகுதான் உடையும். வார்க்கும்போது திரியை இறுக்கிக் கட்டாததன் விளைவு அது.

சாந்தமாக எரிந்து திடீரென்று உடைந்ததா? குளத்து மெழுகு ஒரே நொடியில் எங்கோ இறங்கி, திரி வெறுமனே நின்று, சுடர் எகிறியிருந்தால் உள்ளே பொந்து இருக்கிறது. மெழுகு ஆறும்போது சுருங்கி, திரியை ஒட்டி வெற்றிடம் விடும். கூடப்பிறந்த வர்த்தி ஒன்றைச் சூடான கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நான் பிளந்த ஒன்றில் திரியைச் சுற்றி என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் குகை இருந்தது, உள்சுவர் முழுக்கப் பனித்துளி போல் மெழுகுமணி.

அடுத்த முறை, மேல் ஏடு கட்டியதும் திரியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி மூன்று நான்கு இடத்தில் மூங்கில் குச்சியால் ஆழமாகக் குத்திவிடுங்கள். ஏடு மறுபடி கட்டினால் மறுபடி குத்துங்கள். முதல் வார்ப்பைவிட 5 டிகிரி கூடுதல் சூட்டில் மெழுகை ஊற்றி நிரப்புங்கள். முதல் ஊற்றின் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அச்சுக்கும் மெழுகுக்கும் நடுவில் இறங்கி, பில்லர் அச்சிலேயே சிக்கிக்கொள்ளும்.

மெழுகே இளகலா? ஒரு தடவை வழக்கமாக வாங்கும் கடையில் வந்த பலகை கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. அதே சரக்குதான் என்றார்கள். எட்டு பில்லரும் இரண்டு மணி நேரத்தில் உடைந்தன. இப்போது புதுப் பலகை வந்தால் ஒரு துண்டைச் செய்தித்தாளில் பொதிந்து, மேலே கனம் வைத்து ஒரு நாள் விடுகிறேன். தாளில் எண்ணெய்க் கறை படர்ந்தால் அது அரைகுறையாகச் சுத்திகரித்த மெழுகு, எண்ணெய் அதிகம். ஸ்டியரிக்கை 8 சதவீதமாக்கி ஓரளவு தாங்கவைக்கலாம். பில்லருக்கு அதை வாங்காமல் இருப்பதே மேல்.

திரி தடித்துவிட்டது. சுடர் ஓர் அங்குலத்தைத் தாண்டி, இரண்டு மணி நேரத்துக்குள் குளம் ஓரத்தைத் தொட்டால் ஒரு படி மெலிந்த திரிக்கு வாருங்கள். சேர்மானத்தைக் கூட்டி இதைச் சமாளிக்க நினைத்தால் சுற்றிச் சுற்றி அறிகுறி 1-க்கே போய்ச் சேர்வீர்கள்.

அணைத்த பிறகு சுவர் இளஞ்சூட்டோடு இருக்கும்போது இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாக உள்நோக்கி அழுத்திவிடுங்கள். அடுத்த எரிப்பில் அந்த ஓரம் சேர்ந்து உருகும். வாங்கிப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

## அறிகுறி 4: புகைகிறது, திரியின் தலையில் கரிக்கொண்டை கட்டுகிறது

பத்தில் ஒன்பது முறை கத்தரிக்கோலே போதும். ஒவ்வொரு தடவை ஏற்றும் முன்பும் 6 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும். வெட்டிய கரி குளத்தில் விழக் கூடாது, விழுந்தால் அதுவே இரண்டாவது திரியாக எரியத் தொடங்கும்.

வெட்டிய பிறகும் கொண்டை கட்டினால் திரியின் வகையைப் பாருங்கள். அகல் விளக்குக்குத் திரிக்கும் பஞ்சுத் திரியையோ முறுக்கு நூலையோ போட்டிருக்கிறீர்களா? எண்ணெய் விளக்கில் அது அருமையாக எரியும். பில்லரில் நட்டமாக நின்று, நுனி எரிந்து தீராமல் கரியாகச் சேரும். பின்னல் திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து சாம்பலாகிவிடும், அதற்காகத்தான் பின்னுகிறார்கள். பின்னலைக் கண்ணருகே பிடித்தால் சிறு சிறு கவட்டைகளை அடுக்கியது போலத் தெரியும். கவட்டை விரியும் பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் கொண்டை கட்டும்.

அடுத்தது வாசனை எண்ணெய். சேர்மானம் இல்லாத பாரஃபின் 3 சதவீதம் அளவுக்குத்தான் எண்ணெயைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் போனால் எண்ணெய் வெளியே கசிந்து வியர்த்துப் புகையும். வைபார் அந்த எண்ணெயைக் கட்டி வைக்க உதவும். ஆனால் அளவு கூடினால் வாசனையையும் வெளியே விடாமல் பூட்டிக்கொள்ளும். வாசனை வரவில்லை என்று இன்னும் எண்ணெய் ஊற்றி, வியர்க்கிறது என்று இன்னும் வைபார் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் 3, வைபார் அரை சதவீதம் என்று தொடங்கி, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உடம்பில் அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கும். அதைச் சூடான மெழுகில் ஊற்றுவது ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி 5: படபடவென்று பொரிகிறது

தண்ணீர்தான். திரியில் ஈரம் இருக்கலாம், அச்சைக் கழுவித் துடைக்காமல் இருக்கலாம், உருக்கும்போது வெளிப் பாத்திரத்துத் தண்ணீர் தெறித்திருக்கலாம். உருகிய மெழுகை அசைக்காமல் 15 நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். மேல் மெழுகை மட்டும் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அடியில் இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். தண்ணீர் கலந்த மெழுகை நேரடி அடுப்பில் வைத்தால் பொங்கித் தெறிக்கும்.

## அறிகுறி 6: எரிவதற்கு முன்பே கோளாறு

அச்சிலிருந்து வர மறுத்தால் ஸ்டியரிக் குறைவு, அல்லது சரியாக ஆறவில்லை. அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுங்கள். வார்த்த சூட்டோடு உள்ளே வைத்தால் குறுக்கே விரிசல் விடும். தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தால் ஸ்டியரிக் அதிகம். வெளிப்பக்கம் முழுக்க ஊசிக்குத்து போல் குமிழி தெரிந்தால் வார்த்த சூடு பொருந்தவில்லை, அல்லது வேகமாக ஊற்றிவிட்டீர்கள். உலோக அச்சில் 80–85 டிகிரியில், அச்சைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக ஊற்றினால் குறையும்.

சித்திரை வெயிலில் நிமிர்ந்து நிற்க முடியாமல் வளைகிற பில்லருக்கு 60–62 டிகிரி பாரஃபினும் 8 முதல் 10 சதவீதம் ஸ்டியரிக்கும் சேர்த்தால் தாங்கும். திரியும் ஒரு படி தடிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மார்கழிக்கும் சித்திரைக்கும் தனித்தனிக் கலவை, தனித்தனித் திரி என்று என் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. சோயா மெழுகு மட்டும் போட்டு பில்லர் வார்க்க நினைப்பவர்களுக்கு: அது பெரும்பாலும் கண்ணாடிக் குவளைக்கென்றே வரும் இளகல் சரக்கு, நம் கோடையில் தனியாக நிற்காது.

ஸ்டியரிக் உருக்கப் பித்தளை, செம்புப் பாத்திரம் கூடாது, பச்சைக் களிம்பு இறங்கிவிடும். அலுமினியமோ எவர்சில்வரோ போதும். பனை எண்ணெயிலிருந்து எடுத்த ஸ்டியரிக்கும் உண்டு, மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்ததும் உண்டு. பூஜைக்குக் கேட்பவர்களுக்கு வார்க்கும் முன் கடையில் எது என்று விசாரித்து, கேட்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

## எப்போது நிறுத்தி, யாரிடம் போவது

ஒரே பலகை மெழுகில், வெறும் கலவையில், மூன்று தடிமன் திரியும் ஒரே மாதிரிக் கோளாறு காட்டினால் இனி உங்கள் கையில் ஒன்றும் இல்லை. மெழுகைக் கொடுத்தவரிடம் உருகுநிலையும் எண்ணெய் அளவும் போட்ட தரத்தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் கடையை மாற்றுங்கள். விற்பதற்காக வார்க்கிறவர்கள், அணைக்கும்போது இரண்டு தடவைக்கு மேல் சுடர் எகிறினாலோ, குளம் முழுதுமே தீப்பிடித்தாலோ அந்த வார்ப்பு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது கொடுத்திருந்தால் அன்றைக்கே போன் போட்டுச் சொல்ல வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

உருக்கும் பாத்திரத்திலிருந்து புகை வர ஆரம்பித்தால் சூடு எல்லை தாண்டிவிட்டது. அடுப்பை அணையுங்கள், பாத்திரத்தை நகர்த்த வேண்டாம். தீப்பிடித்தால் தட்டையான மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது, தீ கூரை வரை எழும்பும். மூடி அடங்கவில்லை என்றால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 101-ஐ அழையுங்கள். கையில் மெழுகு கொட்டினால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல் மருத்துவரிடம் போங்கள். முகத்திலோ கண்ணருகிலோ பட்டிருந்தால் தண்ணீர் காட்டிய கையோடு நேராக மருத்துவமனைதான்.

அனுபவமுள்ள வார்ப்பாளரிடமோ மெழுகு விற்பவரிடமோ ஆலோசனை கேட்கப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். நெடுக்காகப் பிளந்த வர்த்தியின் ஒரு பாதி, எரிந்து நின்றதன் மேல் பகுதி, வார்க்காத மெழுகில் ஒரு துண்டு, போட்ட ஒவ்வொரு சேர்மானத்திலும் ஒரு பொட்டலம், மெழுகேற்றாத திரி ஒரு முழம், அரை மணிக்கு ஒரு தடவை எழுதிய அந்தக் குறிப்பு. இவ்வளவையும் மேஜையில் பரப்பி வைத்தால், கேள்வியை நீங்கள் கேட்டு முடிக்கும் முன்பே அவர் திரியைத்தான் கையில் எடுப்பார்.